நாக மலையில் தலைவர் எவர்?

'நாகர்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழாசிரியர்க்கு மணிமேகலையே நினைவுக்கு வரும். மரக்கலம் உடைந்து கடலில் தத்தளித்துக் கரையேறிய சாதுவன், நக்க சாரணர் எனப்படும் நாகர் வாழும் மலையை அடைகிறான். தன்னைக் கொன்று தின்ன வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். வியந்த அவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். சாதுவன் தலைவனோடு வாதிட்டு அவன் மனத்தை மாற்றுகிறான். தலைவன் மனம் மாறியதும் கூட்டத்தின் வழக்கமும் மாறுகிறது. காப்பியம் மேலே நடக்கிறது.

இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் வாழும் நாக மக்களுக்கும் காப்பிய நாகருக்கும் உறவு உண்டென்று கொள்ளச் சான்று இல்லை. பெயரொற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு இனவரலாறு எழுதும் வழக்கம் தமிழரிடையே சற்று மிகுதி. இங்கே அதனை விட்டுவிடுதல் நன்று. ஆயினும் சாதுவன் கதை ஒரு வகையில் பயன்படும். ஒரு தலைவனிடம் பேசி முடித்தால் ஒரு மக்களிடமே பேசி முடித்ததாகும் என்ற எண்ணம் அக்கதையில் இருக்கிறது. நாக மலைக்கு வந்த ஆட்சியாளர் பலரும் இவ்வெண்ணத்தோடுதான் வந்தனர். 1947, 1960, 1975, 2015 ஆகிய ஆண்டுகளில் உடன்பாடுகள் எழுதப்பட்டன. ஒவ்வொன்றிலும் நாகர் சிலர் கையெழுத்திட்டனர். நாகர் வேறு சிலர் அதனை ஏற்க மறுத்தனர். இதன் காரணத்தை அறிய விரும்புவோர் முதலில் நாகர்தம் ஊர்களைப் பார்த்தல் வேண்டும்.

நாகாலாந்து மாநிலத்தின் பரப்பு 16,579 சதுர கிலோமீட்டர். ஜொகூரைவிடச் சற்றுச் சிறியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20 இலட்சத்துக்குச் சிறிது குறைவு. இச்சிறு நிலத்தில் அங்காமி, ஆவோ, சூமி, லோத்தா, கொன்யாக் முதலிய பதினைந்துக்கு மேற்பட்ட இனத்தார் வாழ்கின்றனர். ஓர் இனத்தார் மொழி மற்றோர் இனத்தார்க்கு விளங்காது. மணிப்பூரிலும் அருணாசலப் பிரதேசத்திலும் மியன்மாரிலும் நாகர் உள்ளனர்.

மலையுச்சிதோறும் ஓர் ஊர். அவ்வூரைச் சுற்றி அரண். முற்காலத்தில் ஊரே அரசாக விளங்கியது. ஊருக்கு அப்பால் எவருக்கும் அதிகாரம் இல்லை. ஊருக்குள் நிலவிய தலைமையும் ஒரே வகையினது அன்று. கிழக்கே கொன்யாக் மக்களிடம் 'ஆங்' எனப்படும் வழிவழித் தலைவர்கள் இருந்தனர். பெரிய ஆங் தன் ஊரோடு நில்லாமல் சுற்றியுள்ள ஊர்களிடமும் திறை பெற்றான். லோங்வா என்னும் ஊரில் ஆங்கின் வீட்டினூடே இந்திய மியன்மார் எல்லைக்கோடு செல்கிறது; அவர் தலைமையை ஏற்கும் ஊர்கள் இருநாட்டிலும் உள்ளன. சூமி மக்களிடமும் தலைமை வழிவழியாக வந்தது. தலைவனின் மக்கள் தமக்கெனச் சிலரை அழைத்துச் சென்று புதிய ஊர்களை அமைத்துத் தலைவராயினர். ஆவோ மக்களின் ஊர்களிலோ ஒரு தலைமுறையைச் சேர்ந்த முதியோர் அவையாக அமர்ந்து ஆண்டு, குறித்த காலம் முடிந்ததும் அடுத்த தலைமுறைக்கு இடம் கொடுத்து விலகினர். அங்காமியரிடம் தலைவன் என்பவனே இல்லை எனலாம். போரில் வென்றவன், பேச்சில் வல்லவன், ஊரார்க்குப் பெருவிருந்து அளித்துத் தன் மாடுகளையும் நெல்லையும் தீர்த்தவன் ஆகியோரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அம்மதிப்பு அவனோடு பிறந்து அவனோடு மடியும். அவன் சொல்லைக் கேட்பதும் கேளாமையும் ஒவ்வொரு குடியின் விருப்பம்.

ஆங்கிலேயர் முதன்முதலாக 1832ஆம் ஆண்டில் படையோடு இம்மலைகளைக் கடந்து சென்றனர். 1879ஆம் ஆண்டில் டாமன்ட் என்னும் அதிகாரி கொனோமா ஊரின் வாயிலில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கொனோமா பணிந்தது. ஆனால் பணிந்தது கொனோமாவே. அதனைக் கொண்டு கிழக்கிலுள்ள ஊர்களை ஆள இயலவில்லை. துயென்சாங் பகுதியின் பெரும்பாகம் ஆங்கிலேயர் நாட்டைவிட்டு நீங்கும் வரையில் முறையான ஆட்சிக்கு உட்படவே இல்லை.

பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பது எந்த ஆட்சிக்கும் முதற்கவலை. ஆள் இல்லாத இடத்தில் ஆங்கிலேயர் ஆளை உண்டாக்கினர். ஊர்தோறும் 'காவோன்பூரா' என்ற பெயரில் ஒரு முதியவர்க்குச் சிவப்புப் போர்வை வழங்கி, அவரை ஆட்சியின் வாயாகவும் செவியாகவும் வைத்தனர். மொழிபெயர்க்க 'தோபாசி' என்போரை அமர்த்தினர். இச்சொல் தமிழர்க்குப் புதிதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் ஆனந்தரங்கப் பிள்ளை வகித்த 'துபாசி' என்னும் பதவியின் பெயரும் இதுவே. இருமொழி அறிந்தவர் என்பது பொருள். புதுச்சேரியில் துபாசிக்கு வணிகமே வலிமை தந்தது. நாக மலையில் தோபாசியர் காலப்போக்கில் வழக்காற்று நீதிமன்றங்களில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவோராக உயர்ந்தனர். அப்பதவி இன்றும் நிலவுகிறது.

முதல் உலகப்போரில் ஏறத்தாழ 2,000 நாகர் தொழிலாளர் படையில் சேர்ந்து பிரான்சு நாட்டுக்குச் சென்றனர். ஊரில் ஒருவரையொருவர் பகைத்த இனத்தார் அங்கே ஒரே கூடாரத்தில் உறங்கினர். 'நாகர்' என்ற பொதுப்பெயர் அவர்தம் வாயில் உரமாக நிலைத்தது அப்போதுதான் என்று கூறுவது பொருந்தும். 1918ஆம் ஆண்டில் கோகிமாவில் நாகர் சங்கம் தோன்றியது. 1929ஆம் ஆண்டு சனவரியில் அச்சங்கத்தார் 20 பேர் கையெழுத்திட்டுச் சைமன் குழுவிடம் ஒரு மனு அளித்தனர். ஆங்கிலேயர் நீங்குவதானால் தங்களை எவரோடும் சேர்க்காமல், பண்டுபோல் தம்மைத் தாமே ஆள விட்டுவிட வேண்டும் என்பதே அதன் கருத்து.

இரண்டாம் உலகப்போர் நாக மலையையும் மலாயாவையும் ஒரு கயிற்றில் கட்டியது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரில் இறங்கிய சப்பானியப் படைப்பிரிவுகளுள் ஒன்றின் தளபதி முத்தாகுச்சி. 1944ஆம் ஆண்டில் இம்பால், கோகிமா மீது படையெடுத்துத் தோற்றவரும் அவரே. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சேர்ந்த இந்திய தேசிய இராணுவத்தின் படைகளும் அம்முனைக்குச் சென்றன. அப்போரில் நாகர் பலர் ஆங்கிலேயர்க்கு வழிகாட்டியும் சுமை தூக்கியும் துணைநின்றனர். கொனோமாவில் பிறந்து பர்மாவில் வாழ்ந்த பீசோ என்பவரோ சப்பானியர் பக்கம் நின்றார். நாக விடுதலை இயக்கத்தின் பெருந்தலைவராகப் பின்னர் உயர்ந்தவர் இவரே.

1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓக்கா என்னும் ஊரில் நாக தேசியக் கழகம் உருவாயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் ஜொகூர் பாருவில் அம்னோ தோன்றியதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மலாயன் யூனியனுக்கு ஒப்பி 1945ஆம் ஆண்டு அக்டோபரில் முதலில் கையெழுத்திட்டவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம். அது 1895ஆம் ஆண்டின் ஜொகூர் அரசமைப்புக்கு முரணானது என்று ஜொகூர் மலாய்க்காரர் எதிர்த்தனர். ஆகவே ஒரு கையெழுத்தை மக்கள் மறுப்பது நாக மலைக்கே உரிய புதுமை அன்று. ஆனால் ஜொகூரில் கையெழுத்திடும் உரிமை யாருக்கு, எவ்வளவு என்று வாதிட எழுதிய சட்டம் ஒன்று இருந்தது. நாகரிடம் அத்தகைய சட்டமும் இல்லை, அரியணையும் இல்லை.

1947ஆம் ஆண்டு சூனில் அசாம் ஆளுநர் அக்பர் ஐதாரி நாக தேசியக் கழகத்தாரோடு ஒன்பது அம்ச உடன்பாடு கண்டார். பத்து ஆண்டு கழிந்தபின் உடன்பாட்டை நீட்டிப்பதா, புதிய ஏற்பாடு காண்பதா என்று கழகத்தைக் கேட்பதாக அதன் இறுதி அம்சம் கூறியது. புதிய ஏற்பாட்டில் விடுதலையும் அடங்கும் என்று நாகர் கொண்டனர். அடங்காது என்று இந்திய அரசு கொண்டது. கழகத்துக்குள்ளேயே பீசோவின் பக்கத்தார் உடன்பாட்டை ஏற்கவில்லை. ஆகஸ்டு 14 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டில் கழகம் ஊரூராகச் சென்று பொதுவாக்கெடுப்பு நடத்தியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டோர் விடுதலையை விரும்பினர் என்பது கழகத்தின் கூற்று. அடுத்த ஆண்டுத் தேர்தலை நாகர் புறக்கணித்தனர்.

1953ஆம் ஆண்டு மார்ச்சு 30 அன்று நேரு, பர்மியப் பிரதமர் ஊ நூவுடன் கோகிமாவுக்கு வந்தார். நாகர் தம் மனுவை அளிக்க உள்ளூர் அதிகாரி இடந்தரவில்லை. கூடியிருந்த மக்கள் எழுந்து வெளியேறினர். கட்டளையிட்டுக் கூட்டத்தை அமர்த்தவல்ல தலைவர் ஒருவர் அங்கிருந்தாலும் அன்று அமர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

1956ஆம் ஆண்டு இருவழியாகப் பிரியும் ஆண்டு. கழகத்தின் செயலாளராயிருந்து ஆயுதப்போரை ஏற்காத சாக்ரி சனவரியில் கொல்லப்பட்டார். மார்ச்சு மாதத்தில் பீசோவின் பக்கத்தார் தனி அரசு அமைத்தனர், இந்தியப் படை மலையேறியது, ஊர்கள் எரிந்தன. ஆண்டின் இறுதியில் பீசோ நாட்டைவிட்டுச் சென்றார். 1960ஆம் ஆண்டில் இலண்டனை அடைந்த அவர், 1990ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். போரில் நலிந்த மக்களின் சார்பில் நடுவழி தேடியவர் இம்கோங்லிபா ஆவோ. அவர் தலைமையில் 1957ஆம் ஆண்டில் கோகிமாவில் நாக மக்கள் மாநாடு கூடியது. 1960ஆம் ஆண்டு சூலையில் 16 அம்சங்களுக்கு நேருவின் இசைவு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இம்கோங்லிபா சுட்டுக் கொல்லப்பட்டார். தாம் உழைத்துப் பெற்ற மாநிலத்தை அவர் காணவில்லை.

1963ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் குடியரசுத் தலைவர் இராதாகிருட்டிணன் கோகிமாவில் நாகாலாந்து மாநிலத்தைத் தொடங்கி வைத்தார். சபாவின் 20 அம்சங்களோடு மலேசியா உருவாகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாகரின் சமயம், சமூக வழக்கு, வழக்காற்று நீதி, நில உரிமை ஆகியவற்றில் நாடாளுமன்றச் சட்டம் மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றிச் செல்லாது என்று இந்திய அரசமைப்பின் 371அ பிரிவு கூறுகிறது. பழைய ஊரரசு இவ்வாறு சட்டப் புத்தகத்துக்குள் ஓர் இடம் பெற்றது. முதல் முதலமைச்சர் சீலு ஆவோ.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். ஏனெனில் அவை ஒரே பாட்டையில் சென்றன. 1975ஆம் ஆண்டு நவம்பரில் தலைமறைவு இயக்கத்தார் சிலர் சில்லாங்கில் கையெழுத்திட்டு இந்திய அரசமைப்பை ஏற்றனர். அவர்களுள் ஒருவர் பீசோவின் தம்பி கெவி யாலே. இலண்டனிலிருந்த பீசோ ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஏற்காத முய்வா, ஐசாக் சூ, கப்லாங் ஆகிய மூவரும் 1980ஆம் ஆண்டில் புதிய இயக்கம் கண்டனர். முய்வா மணிப்பூர் தாங்குல் இனத்தவர், ஐசாக் சூமி, கப்லாங் பர்மிய நாகர். 1988ஆம் ஆண்டில் அவ்வியக்கமும் குருதி சிந்திப் பிளந்தது. முய்வா, ஐசாக் பிரிவோடு 1997ஆம் ஆண்டில் போர்நிறுத்தமும், 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 3 அன்று ஒரு வரைவு உடன்பாடும் ஏற்பட்டன. இந்திய அரசின் சார்பில் கையெழுத்திட்டவர் ஆர். என். இரவி, 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஆளுநராக வந்தவர் இவரே. 2017ஆம் ஆண்டில் வேறு நாகக் குழுக்களோடு இன்னோர் உடன்பாடும் செய்யப்பட்டது.

உடன்பாடுகளில் இடறிய ஊரதிகாரம் அன்றாட ஆட்சியில் நன்கு நடைபோட்டதும் உண்டு. 2002ஆம் ஆண்டில் நாகாலாந்து இயற்றிய ஒரு சட்டம், அரசு தொடக்கப் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் ஊர்க்குழுக்களிடம் ஒப்படைத்தது. ஆசிரியர் சம்பளத்தை அரசு முன்கூட்டியே குழுவின் கணக்கில் செலுத்தும். பள்ளிக்கு வாராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கும் உரிமை குழுவுக்கு உண்டு. 2008ஆம் ஆண்டில் இதற்கு ஐக்கிய நாடுகளின் பொதுச்சேவை விருது கிடைத்தது. தோட்டத் துரையின் கையிலிருந்து சம்பளம் பெற்ற பழைய மலாயா ஆசிரியர்கள் இதைக் கேட்டால் நன்மை தீமை இரண்டையும் ஒருங்கே நினைத்திருப்பர்.

தேர்தலில் இவ்வதிகாரத்தின் மறுபக்கம் தெரிகிறது. ஊரவை கூடி இன்னார்க்கே வாக்கு என்று முடிவு செய்துவிட்டால், தனியொருவன் வாக்கு அதனுள் அமிழ்ந்துபோகும். ஊரவையில் பெண்டிர்க்குப் பெரும்பாலும் இடமில்லை. மாநிலம் பிறந்து 60 ஆண்டு நெருங்கிய பின்னரே, 2023ஆம் ஆண்டில், எக்கானி சக்காலு, சல்கோதுவோனுவோ குரூசே ஆகிய இருவர் முதன்முதலாகச் சட்டமன்றத்தில் நுழைந்தனர். நகராட்சிகளில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு என்பதற்கு 371அ பிரிவைக் காட்டி எழுந்த எதிர்ப்பு 2017ஆம் ஆண்டில் கலவரமாகி முதலமைச்சரைப் பதவி விலகச் செய்தது. அவ்வொதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது 2024ஆம் ஆண்டு சூனில்தான்.

கிழக்குப் பகுதியின் குறை வேறு. துயென்சாங்குக்கு 1963ஆம் ஆண்டிலேயே தனி வட்டார அவை அமைத்து, அப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினரை அவ்வவையே தேர்ந்தனுப்பும் என்று வைத்தனர். அங்குள்ள மக்கள் நேரே வாக்களித்தது 1974ஆம் ஆண்டில்தான். பள்ளி, சாலை, அரசுப்பணி ஆகிய எல்லாவற்றிலும் தாம் பின்தங்கியமைக்குக் கோகிமாவே காரணம் என்று கருதிய கிழக்கு நாகர், 2010ஆம் ஆண்டு முதல் தமக்கெனத் தனி ஆட்சிப்பகுதி கேட்கலாயினர். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல் நடந்தது. வாக்களிப்பதில்லை என்று கிழக்கு நாக இனத்தாரின் கூட்டமைப்பு முடிவு செய்திருந்தது. ஆறு மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கு இலட்சம் வாக்காளர். காலை முதல் மாலை வரையில் அலுவலர் சாவடிகளில் காத்திருந்தனர். அப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் இருபது பேரும்கூட வாக்களிக்க வரவில்லை.