உடலுக்கும் உரிமை உண்டு

மதீனா மாநகரில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடையே சகோதர பந்தத்தை ஏற்படுத்தியபோது, மெய்ந்நெறி தேடிப் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களையும், அன்ஸாரித் தோழரான அபூதர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒரு நாள் ஸல்மான் (ரலி) தம் சகோதரரைக் காண அவரது இல்லம் சென்றார்கள். அங்கே அபூதர்தாவின் துணைவியார் உம்முதர்தா (ரலி) நைந்த உடையுடன் பொலிவிழந்து காணப்பட்டார்கள். காரணம் வினவியபோது, தம் கணவருக்கு இவ்வுலகில் எதிலும் நாட்டமில்லை என்று அந்த அம்மையார் சுருக்கமாகச் சொன்னார்கள்.

சற்று நேரத்தில் அபூதர்தா வந்தார்கள். விருந்தினருக்கு உணவு படைத்துவிட்டு, தாம் நஃபிலான நோன்பு நோற்றிருப்பதாகக் கூறி ஒதுங்கினார்கள். அவர் உண்ணாதவரை தாமும் உண்ணப் போவதில்லை என்றார்கள் ஸல்மான். அபூதர்தா உண்டார்கள். இரவு வந்ததும் வணங்க எழுந்தார்கள். உறங்குமாறு தடுத்தார்கள் ஸல்மான். மீண்டும் எழுந்தார்கள், மீண்டும் தடுத்தார்கள். இரவின் இறுதிப் பகுதி வந்தபோதுதான் இருவரும் எழுந்து சேர்ந்து தொழுதார்கள். பின்னர், இறைவனுக்கு உரிமை இருப்பது போலவே உமது உடலுக்கும் உமது குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவர்க்கு வழங்கிவிடும் என்ற கருத்துப்பட ஸல்மான் (ரலி) எடுத்துரைத்தார்கள். இச்செய்தி நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களின் செவிக்கு எட்டியபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்று உறுதிப்படுத்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது.

வணக்கத்திற்காக உணவையும் உறக்கத்தையும் குறைத்துக்கொண்டவருக்கே இந்த அறிவுரை என்றால், வணக்கத்திற்காக அன்றி வீண் பேச்சுக்காகவும் கைபேசிக்காகவும் உறக்கத்தைத் துறக்கின்ற நமக்கு என்ன அறிவுரை கூறுவது?

ஒரு கயிற்றின் மூன்று புரிகள்

உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்பது திருமறையின் போதனை. வயிற்றை நிரப்பியே தீரவேண்டுமாயின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்பது நபிகளார் காட்டிய அளவு. உறக்கத்தை ஓய்வாக ஆக்கியிருப்பதாக இறைவன் அறிவிக்கின்றான். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் கதை பேசிக்கொண்டிருப்பதையும் நபிகளார் விரும்பியதில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய வரலாறும் நாம் அறிந்ததே.

மருத்துவ மேதை இப்னு ஸீனா (கி.பி. 980 – 1037) தமது 'அல்கானூன்' என்னும் பெருநூலில் உடல்நலம் பேணுவதைக் கூறும் பகுதியில், உடற்பயிற்சி, உணவு, உறக்கம் ஆகிய மூன்றையும் தலையாயவையாக வைத்து விளக்குகின்றார். இம்மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் தளர்ந்துவிடும்.

இன்றைய ஆய்வும் இதையே உரைக்கின்றது. 1999ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தார் நோயற்ற 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கச் செய்து சோதித்தனர். இரத்தத்தில் சேரும் சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் அவர்களிடம் வெகுவாகக் குன்றியிருந்தது. 2004இல் அங்கு வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டே இரவுகள் உறக்கம் குறைந்ததும் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்து, போதும் என்று சொல்லும் சுரப்பு குறைந்தது தெரியவந்தது. உறங்காதவன் மிகுதியாக உண்கின்றான். மிகுதியாக உண்டவன் நடக்கச் சோம்புகின்றான். நடக்காதவனின் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் செலவழிப்பதில்லை. நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுக்கு ஆளாகியிருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது.

நான் வெட்கிய நேரம்

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இந்நோய் கண்டது. மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார். இரவு எத்தனை மணிக்கு உண்கிறீர்கள்? எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள்? நாளொன்றுக்கு எவ்வளவு நடக்கிறீர்கள்? ஊருக்கு உபதேசம் செய்கின்ற நான் விடை சொல்ல வெட்கினேன். பிறகு அவர் உடன் வந்திருந்த என் மனைவியிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். அவருடைய விடை என் விடையினும் மோசமாக இருந்தது. அந்த விடைக்குப் பொறுப்பாளி நான் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நம் இல்லங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடை அடைத்துவிட்டு ஆண்மக்கள் வீடு திரும்பப் பத்து மணி. அதன் பிறகு சோறும் ஆணமும் சூடு செய்து பரிமாற வேண்டும். எல்லோரும் உண்டு எழுந்த பின், எஞ்சியதைத் தாய் உண்கின்றாள். பாத்திரம் கழுவிப் படுக்க நள்ளிரவு ஆகின்றது. சுபுஹுக்கு முதலில் எழுபவளும் அவளே. தொழுதுவிட்டு வந்து நாம் மீண்டும் உறங்குகின்றோம். அவளோ பசியாற ஆயத்தம் செய்கின்றாள். நடைப்பயிற்சிக்கு நாம் கடற்கரைக்கும் திடலுக்கும் செல்கின்றோம். அவளுக்கு அடுப்படியே உலகம். ஸல்மான் (ரலி) அவர்கள் அந்த வீட்டில் முதலில் கண்டது அபூதர்தாவின் நோன்பை அன்று, அவருடைய மனைவியின் வாட்டத்தையே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்றிரவே தொடங்குவோம்

பரிகாரம் கடினமானதன்று. இரவு உணவை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே, இயலாதெனில் இஷா முடிந்த உடனேயே முடித்துக்கொள்ளலாம். நிறைந்த வயிற்றுடன் படுப்பதால் வரும் நெஞ்செரிச்சலும் அதனால் குறையும். கடையில் இருப்பவர் உணவைக் கடைக்கு வருவித்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்போம். அவரவர் உண்ட தட்டை அவரவர் கழுவுவோம். இது நமக்கு இழுக்கன்று. நபிகளார் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

வயது வந்தோர் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் விறுவிறுப்பாக நடப்பது போன்ற உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியில் மனைவியையும் தாயையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இரவில் ஏழு மணி நேர உறக்கம் அவர்களுக்கும் கிடைக்கின்றதா என்று கணக்கிடுங்கள். மருந்து உட்கொள்வோர் அதை நிறுத்திவிடாமல், மருத்துவரைக் கலந்தே உணவு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டில் இன்று யார் கடைசியாக உண்டார், யார் கடைசியாக உறங்கினார் என்று இன்றிரவு ஒரு முறை கேட்டுப் பாருங்கள். விடை ஒவ்வொரு நாளும் ஒரே பெயராக இருக்குமானால், அந்த வீட்டில் ஓர் உரிமை பாக்கி நிற்கின்றது என்று பொருள்.

வல்ல அல்லாஹ், உரியவர்க்கு உரியதை வழங்கி, அவன் அமானிதமாகத் தந்த உடலைப் பேணி வாழும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.