பிச்சாவரத்துக்குத் துடுப்பே போதும்

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, பிச்சாவரம் அலையாத்திக் காடு சிறுசிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அதை நாலைந்து பேராகத் துடுப்புப் படகில் சுற்றிப் பார்ப்பதே முறை. சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் நெருக்கும் குறுகிய வாய்க்கால்களில் விசைப்படகு நுழைய முடியாது. அகன்ற வாய்க்கால்களிலோ அது கிளப்பும் அலை கரைச் சேற்றை அரிக்கும், இரைச்சல் பறவைகளை விரட்டும். இறால் குஞ்சுகள் வளர்வது அந்தச் சேற்று நீரில்தான். இருளர் பழங்குடியினர் அந்தச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறார்கள்.

கூட்டம் பெருகினால்தானே ஊருக்கு வருமானம் என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பத்துப் பேரை ஏற்றும் விசைப்படகுக்கு ஓர் ஓட்டுநர் போதும். அதே பத்துப் பேர் துடுப்புப் படகில் போனால் இரண்டு மூன்று குடும்பங்களுக்குக் கூலி. சேதமானாலும் காடு தானே தழைத்துக்கொள்ளும் என்பதும் சரியல்ல. முன்பு மரம் வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, தேங்கிய நீரில் உப்பேறி, செடி முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கால்வாய் வெட்டிக் கடலோதத்தை உள்ளே விட்ட பிறகே பசுமை திரும்பியது. 2004 சுனாமியில் இக்காடு ஊர்களை எவ்வளவு காத்தது என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். ஊர்கள் தப்பியதற்கு நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே காரணம் என்று சிலர் வாதிட்டார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இக்காட்டுக்கு, படகுகளின் எண்ணிக்கைக்கும் வேகத்துக்கும் உச்சவரம்பு தேவை.