நீளொலி இசைக்கேற்ற கருவி

சுருதிபோல் இடையறாது ஒலிக்கும் நீளொலி இசைக்குச் சிந்தசைசர் என்னும் மின்னொலிக் கருவியைத் தேடுவோர், விசைப்பலகையின் நீளத்தையும் ஒலிவகைகளின் தொகையையுமே முதலில் நோக்குவர். இவ்விசைக்கு அவை இன்றியமையாதன அல்ல. பிரான்சிய இசையாக்குநரான எலியான் ரடீக் அம்மையாரின் தேர்வே இதற்குத் தக்க சான்றாகும்.

1970 ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கிற் பணிபுரிந்த அவர், புக்லா கருவியிற் பயின்றபின் ஆர்ப் 2500 என்னுங் கருவியைத் தெரிந்தெடுத்தார். அதனைப் பாரிசுக்குக் கொண்டு சென்றபோது விசைப்பலகையை வேண்டுமென்றே விட்டுச் சென்றார். விரல்கள் பழைய வழக்கத்திற்கே தாவிவிடும் என அஞ்சினார் போலும்!

அக்கருவியின் சிறப்பு அதன் சுருதி வழுவாமையே. ஒலியலை பிறப்பிக்கும் இரண்டு உறுப்புக்களுள் ஒன்று செக்கனுக்கு 110 முறையும் மற்றையது 110.5 முறையும் அதிருமாயின், இரண்டு செக்கனுக்கொருமுறை ஒலி பெருகித் தணியும். வேறுபாடு 0.1 ஆயின் அவ்வேற்றவிறக்கம் பத்துச் செக்கன் நீளும். வெப்பத்தால் அதிர்வு சிறிது பிறழினும் இந்நுண்மை கெடும். அக்காலத்து மூக் கருவிகளில் இக்குறை இருந்தது.

இக்காலத்து எண்முறைக் கருவிகள் சுருதி பிறழா. ஆயினும், அவற்றுட் சிலவற்றின் குமிழ்கள் 128 படிகளிலேயே நகர்வன. மேற்சுரங்களை மெல்ல மறைக்கும் வடிகட்டியைத் திருப்புகையில் அப்படிகள் செவிக்குப் புலனாகும். கடையில் ஒரு நிமிடம் மீட்டிப் பார்ப்பவர் இதனை அறியார்.

ரடீக் அம்மையார் அவ்வொரு கருவியையே 2000 ஆம் ஆண்டுவரை கையாண்டார். 1988 முதல் 1993 வரை அவர் ஆக்கிய மூன்று பகுதிகள் சேர்ந்து ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் ஒலிப்பன. நடுப்பகுதி கைலாயமலையின் பெயர் தாங்கியது.