பதில் வராத வழு அறிக்கை

என் பிழைப்பே திறமூல மென்பொருள்களை நம்பித்தான் ஓடுகிறது. அவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்; காசு கொடுக்க வேண்டியதில்லை. அவற்றில் வழு, அதாவது பிழை, கண்டால் பராமரிப்பவர்களுக்கு எழுதிப் போடுவேன். சிலவற்றுக்கு மாதக்கணக்கில் பதில் வராது. ‘இவ்வளவு அலட்சியமா?’ என்று கொதிக்கும் இளைஞர்களிடம் நான் சொல்வது எக்ஸ்இசட் கதையை.

எக்ஸ்இசட், கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஃபின்லாந்தின் லாஸ்ஸே கொலின் அதைச் சம்பளமின்றிப் பராமரித்துவந்தார். 2022இல், ‘திருத்தங்கள் ஏன் தாமதம்? வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்’ என்று சிலர் விடாமல் நெருக்கினார்கள். தமக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாத வேலை என்பதையும் அவர் பொதுவிலேயே எழுதினார். நெருக்கடி நிற்கவில்லை. உதவிக்கு வந்த ‘ஜியா டான்’ என்ற பெயரிடம் பொறுப்பு சிறிது சிறிதாகப் போனது. 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில் அந்த ஆசாமி, கணினிக்குள் ரகசியமாக நுழையக் கள்ளவாசல் வைத்துவிட்டார். நெருக்கியவர்களும் சதியில் பங்குள்ள போலிப் பெயர்களே என்று பலரும் கருதுகிறார்கள்.

காப்பாற்றியதும் ஒரு வழு அறிக்கைதான். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எஸ்எஸ்ஹெச் வழியே தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். ‘மெதுவாக இருக்கிறது’ என்று புலம்பி விட்டுவிடவில்லை, காரணத்தைத் தோண்டி எக்ஸ்இசட் வரை போனார். எந்தப் பதிப்பு, நச்சு நிரல் எங்கே ஒளிந்திருக்கிறது, எப்படி இயங்குகிறது என்று 2024 மார்ச் 29 அன்று ஆதாரத்தோடு எழுதினார். லினக்ஸ் வெளியீட்டாளர்கள் அந்தப் பதிப்பை உடனே விலக்கினார்கள்.

ஒரே மென்பொருள். கோபம் பராமரிப்பவரைச் சாய்த்தது. துல்லியம் கோடிக்கணக்கானோரைக் காத்தது.

ஆகவே, வழு கண்டால் முதலில் புதிய பதிப்பிலும் அது இருக்கிறதா, வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். பதிப்பு எண், இயங்குதளம், என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். பிழைச்செய்தியைச் சுருக்காமல் அப்படியே ஒட்டுங்கள். பாதுகாப்புக் குறையென்றால் பராமரிப்பவருக்குத் தனியாக முதலில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் சில வாரம் கழித்துப் பணிவாக நினைவூட்டுங்கள். முடிந்தால் திருத்தத்தையே எழுதி அனுப்புங்கள். அந்த மென்பொருளால் உங்கள் நிறுவனம் சம்பாதிக்கிறதென்றால், பராமரிப்பவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அவர் நம் வேலைக்காரர் அல்லர். நம் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருப்பவர்.