மகாசுவேதா தேவி: புனைவும் மனுவும்

வங்காள நாவலாசிரியர் மகாசுவேதா தேவி (1926–2016) புனைவு எழுதியதையும், சிற்றிதழ் நடத்தியதையும், பழங்குடியினருக்காக வழக்காடியதையும் வெவ்வேறு பணிகளாகப் பிரித்துப் பேசுவதே வழக்கமாக இருப்பினும், ஏட்டில் ஏறாத வாழ்க்கைகளைப் பதிவுக்குள் கொண்டுவருவது என்னும் ஒரே நோக்கமே இம்மூன்றையும் இயக்கியது.

1956இல் வெளியான ஜான்சி ராணி வரலாற்றுக்காக அவர் அப்பகுதிக்கே சென்று, மக்களிடையே வாய்மொழியாக வழங்கிவந்த கதைகளையும் பாடல்களையும் திரட்டினார். ‘உல்குலான்’ எனப்படும் முண்டா பழங்குடியினரின் பெருங்கிளர்ச்சியையும் அதன் தலைவர் பிர்சா முண்டாவையும் மையமாகக் கொண்ட ‘ஆரண்யேர் அதிகார்’ நாவலிலும் வாய்மொழி மரபுக்கு அவர் அளித்த இம்மதிப்பு தொடர்ந்தது. அந்நூல் 1979இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

தந்தை மணீஷ் கட்டக் நடத்திவந்த ‘போர்த்திகா’ என்னும் சிற்றிதழின் பொறுப்பை அவர் மறைவுக்குப்பின் ஏற்ற மகாசுவேதா, அதன் இயல்பையே மாற்றி, சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் பழங்குடியினரும் தங்கள் நிலையைத் தாங்களே எழுதும் களமாக அதை ஆக்கினார். அன்று கொல்கத்தாவில் ரிக்‌ஷா ஓட்டிக்கொண்டிருந்தவரும், பின்னாளில் தலித் எழுத்தாளராக அறியப்பட்டவருமான மனோரஞ்சன் பியாபாரியின் எழுத்து முதலில் அச்சேறியது இவ்விதழில்தான்.

புருலியா மாவட்டத்தின் கேரியா சபர் மக்கள், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய 1871இல் முதலில் இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு உள்ளானவர்கள். தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளர் முதலிய சமூகங்களையும் வதைத்த இச்சட்டம் விடுதலைக்குப்பின் நீக்கப்பட்டு, அம்மக்கள் சீர்மரபினர் எனப் பெயர் பெற்ற பின்னரும் காவல்துறையின் ஐயப்பார்வை அகலவில்லை. 1998இல் புதன் சபர் என்பவர் காவலில் இறந்தபோது, மகாசுவேதா இணைந்து பணியாற்றிய சபர் நலச் சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் இழப்பீடு வழங்கவும் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்கவும் ஆணையிட்டது. அவ்வாண்டிலேயே கணேஷ் தேவி, லட்சுமண் கெய்க்வாட் ஆகியோருடன் சேர்ந்து சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர் ஆகியோரின் உரிமைக்கான அமைப்பொன்றையும் அவர் தொடங்கினார்.

இயக்கப் பணி படைப்பாளியின் நேரத்தை விழுங்கிவிடும் என்னும் பொதுக் கருத்து இவர் வகையில் பாதியே உண்மை. மனு ஒருவருடைய சாவுக்கு நீதி கேட்கிறது. அச்சாவை இயல்பானதாக ஊர் ஏற்றுக்கொள்ளும் மனநிலையை விளக்க மனுவில் இடமில்லை, அதற்கு நாவல்தான் வேண்டியிருக்கிறது.