வேலியே பயிரை மேய்ந்த கதை

துருக்கியச் சுல்தான்களின் மெய்காவற் படையாக 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது ஜானிசரிப் படை. கிறிஸ்தவக் குடிகளிடமிருந்து வரியாகக் கொண்ட சிறுவரை மதம் மாற்றிப் பயிற்றி அதனை வளர்த்தனர். ஆதியில் அவ்வீரருக்கு இல்லறமும் வாணிபமும் விலக்கு.

நாளடைவில் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. வீரர் கடை வைத்தனர். கைத்தொழிற் சங்கங்களிற் புகுந்தனர். சம்பளச் சீட்டுகள் விலைபோயின; போர்முனை காணாதோரும் ஊதியம் பெற்றனர்.

சோற்று அண்டாவைக் கவிழ்ப்பதே அவர்தம் கலகக் குறி. 1622இல் இரண்டாம் உஸ்மானைக் கொன்றனர். 1807இல் சீர்திருத்தம் நாடிய மூன்றாம் சலீமை அரியணையினின்றும் இறக்கினர்.

1826 ஜூனில் அண்டா மீண்டும் கவிழ்ந்தது. இரண்டாம் மஹ்மூது பீரங்கிகளால் அவர்தம் பாசறையைத் தகர்த்தார், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பயிரை மேய்ந்த வேலி, ஈற்றில் தீக்கிரையாயிற்று!