வீட்டில் ஒரு பக்கம் அச்சடிக்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அதே மாதம் 'திவயின', 'ஐலண்ட்' ஆகிய பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகளும் நின்றன. கடதாசி, மை, டோனர் என எல்லாவற்றுக்கும் நாம் இறக்குமதியையே நம்பியிருக்கிறோம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, அந்தச் சுமை ஒவ்வொரு வீட்டுப் பிரிண்டருக்கும் வந்து சேர்ந்தது. வைக்கோலில் கடதாசி செய்த நம் வாழைச்சேனை ஆலை முறையாக ஓடியிருந்தால் கதை கொஞ்சம் வேறாக இருந்திருக்கலாம். அது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வீட்டில் பிரிண்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பரீட்சைக்காகவே வாங்குகிறார்கள். ஆனால் அதற்கு நிகரான இன்னொரு தேவையும் இங்கே உண்டு. உறவைத் தொலைத்த, காணியை இழந்த, இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஒரே ஆவணக் கட்டைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கின்றன. கிராம உத்தியோகத்தருக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, ஆணைக்குழுவுக்கு ஒன்று. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு இன்னொன்று. இந்தச் செலவை யாரும் நட்டஈட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிரிண்டர் வாங்கும்போது பெட்டியின் விலையைப் பார்க்க வேண்டாம், ஒரு பக்கத்தின் விலையைப் பாருங்கள். மையின் விலையை அது தரும் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் போதும். எச்பி 680 கறுப்புக் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 480 பக்கம் தரும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. தாங்கியில் ஊற்றும் எப்சன் 003 கறுப்பு மைப் போத்தலுக்கு அந்த எண்ணிக்கை 4,500. மலிவான பிரிண்டர்தான் பிறகு அதிகம் செலவு வைக்கும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். புதிய பிரிண்டருடன் வரும் முதல் கார்ட்ரிட்ஜ் பல வேளைகளில் முழுதாக நிரப்பப்பட்டிருப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இந்தப் பக்க எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பக்கத்தின் ஏறத்தாழ 5 சதவீதத்தில் மட்டும் மை படியும் சாதாரணக் கடிதத்தை வைத்தே பொதுவாக அதைக் கணக்கிடுகிறார்கள். ஒரு முழுப்பக்கப் புகைப்படம் அதைப்போல் பல மடங்கு மையைக் குடிக்கும். அடையாள அட்டையைப் பிரதி எடுக்கும்போது மூடியைத் திறந்து வைத்தால் சுற்றிவரக் கறுப்பாக விழுமே, அந்தக் கறுப்பெல்லாம் உங்கள் காசு.

இன்க்ஜெட் பிரிண்டரில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வீண்செலவு உண்டு. அச்சுமுனை காய்ந்து அடைபடாமலிருக்க இயந்திரம் தானாகவே மையை உறிஞ்சித் துப்பும். பிரிண்டரை அதன் பொத்தானை அழுத்தி நிறுத்தினால்தான் முனை சரியாக மூடப்படும். நேரே சுவர் சுவிட்சில் நிறுத்தினால் முனை திறந்தபடியே கிடந்து காய்ந்துவிடும், பிறகு 'கிளீனிங்' போட்டே மை தீர்ந்துவிடும். அதைவிட வாரத்துக்கு ஒரு பக்கம் அடிப்பது மலிவு. மாதத்தில் பத்துப் பக்கம்கூட அடிக்காத வீட்டுக்கு இன்க்ஜெட் தேவையே இல்லை. கறுப்பு வெள்ளை லேசரில் தூள்தான் இருக்கிறது, அது காய்வதில்லை.

ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு லேசரைச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. பல வீட்டு இன்க்ஜெட்களின் மை தண்ணீர் பட்டால் கரைந்தோடும். டோனர் என்பது சூட்டில் உருகிக் கடதாசியில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தூள், அது அப்படிக் கரையாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன கரை இது. மாரியில் வெள்ளமும் வரும். பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் எந்தப் பிரதி மிஞ்சும் என்பது இங்கே சின்ன விடயமல்ல.

பாஸ் பேப்பர் அடிப்பவர்கள் பிரிண்ட் அமைப்பில் ஒரு தாளில் இரண்டு பக்கம், இருபுறமும் என்று தெரிவுசெய்தால் 16 பக்க வினாத்தாள் 4 தாளில் அடங்கிவிடும். 'டிராஃப்ட்' என்ற தரம் பயிற்சிக்குப் போதும். 'கிரேஸ்கேல்' தெரிவை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் சில பிரிண்டர்கள் கறுப்பு எழுத்துக்கும் வண்ண மையைக் கலக்கும். எழுத்துருவை மாற்றினால் மை மிச்சம் என்று 2014இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் 14 வயது மாணவர் சுவிர் மிர்சந்தானி கணக்குப் போட்டுக் காட்டியது உலகச் செய்தியானது. அவர் சொன்ன கரமண்ட் எழுத்துரு அதே அளவிலும் சிறிதாகவே தெரியும், மிச்சத்துக்குக் காரணம் அதுதான் என்று எழுத்துரு நிபுணர்கள் பிறகு சுட்டிக்காட்டினார்கள். தமிழிலும் அளவை ஒரு புள்ளி குறைத்தாலே பலன் கிடைக்கும். ஆனால் அலுவலகத்துக்குப் போகும் மனுவில் அதைச் செய்யாதீர்கள். படிக்கச் சிரமமான கடிதம் மேசையில் அடியில் போய்விடும்.

வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்கள் மூல ஆவணங்களை ஒரேயொரு முறை கைத்தொலைபேசியில் ஒழுங்காக ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக வைத்துக்கொண்டால் செலவு குறையும். ஸ்கேன் செயலியில் 'கறுப்பு வெள்ளை' வடிகட்டியைப் போட்டால் பழைய சான்றிதழின் மஞ்சள் பின்னணி மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். இந்தக் கோப்பை மின்னஞ்சலிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். மூலப் பத்திரம் கடைக்கடையாக அலைந்து கிழிய வேண்டியதில்லை.

கடையில் அடிக்கும்போது கோப்பைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதே இப்போது வழக்கம். அந்தக் கோப்பு அவருடைய கணினியில் அப்படியே கிடக்கும். பிள்ளையைத் தேடும் ஒரு தாயின் வாக்குமூலம், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி எல்லாம் யாரும் திறக்கக்கூடிய இடத்தில் இருக்கும். நல்ல மனிதர் என்பது வேறு, அவருடைய கணினியை யாரெல்லாம் தொடுகிறார்கள் என்பது வேறு. பென்டிரைவில் கொண்டு போய் அதிலிருந்தே அடிக்கச் சொல்லுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், காசு கொடுக்குமுன் உங்கள் கண்முன்னே கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். 'டவுன்லோட்ஸ்' கோப்புறையிலும் 'ரீசைக்கிள் பின்'னிலும் பார்க்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.